புறநகரும் குடிமாற்றமும்: சென்னைப் பழைய மாமல்லபுரச் சாலைக் குடியிருப்புகளின் வழக்குச் சொற்கள்

முன்னுரை

நகரின் ஒரு பகுதியில் வசதி படைத்தோர் குடியேற, அங்கு முன்பு வாழ்ந்த எளியோர் வாடகை உயர்வாலும் நிலமதிப்பாலும் வெளியேற நேர்வதை 'ஜென்ட்ரிஃபிகேஷன்' என்னும் சொல்லால் சமூகவியலார் குறிப்பர். 1964இல் ரூத் கிளாஸ் இலண்டன் நகரின் தொழிலாளர் குடியிருப்புகளை ஆராய்ந்தபோது இச்சொல்லை முதன்முதலாக ஆண்டார். 'ஜென்ட்ரி' என்பது ஆங்கில நாட்டுப்புறத்து நிலவுடைமையாளரைச் சுட்டும் சொல். அச்சொல்லில் ஓர் எள்ளல் உண்டு. தமிழில் 'மேட்டுக்குடியாக்கம்', 'உயர்குடியாக்கம்' என்னும் ஆக்கங்கள் வழங்குகின்றன. இவை குடியேறுவோரைச் சுட்டுகின்றனவே அன்றி வெளியேறுவோரைச் சுட்டவில்லை. அதனால் 'குடிமாற்றம்' என்னும் பொதுச்சொல்லே இங்கு ஆளப்படுகிறது. சென்னையின் தென்புறத்தில் பெருங்குடி முதல் செம்மஞ்சேரி வரை பழைய மாமல்லபுரச் சாலையை ஒட்டிய பகுதிகளில் இம்மாற்றம் குறித்து நிகழும் வழக்குகளை, அவற்றில் புழங்கும் சொற்களின் வழியாக இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

ஊரும் நகரும்

இச்சாலையோரப் பெயர்களே ஒரு வரலாறு. துரைப்பாக்கம், காரப்பாக்கம், பெரும்பாக்கம் ஆகியன 'பாக்கம்' ஈறு பெற்றவை. சிலப்பதிகாரம் காட்டும் புகார் நகரமும் மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் என இருகூறாகவே அமைந்தது என்பதை நோக்க, இவ்வீறு நகர வாழ்வுக்குப் புறம்பானதன்று என அறியலாம். வேளச்சேரி, செம்மஞ்சேரி என்பவற்றில் உள்ள 'சேரி'யும் பண்டு சேர்ந்து வாழும் இடம் என்றே பொருள்பட்டது. சோழர் கல்வெட்டுகளில் பார்ப்பனச்சேரியும் உண்டு, கம்மாணச்சேரியும் உண்டு, பறைச்சேரியும் உண்டு. ஒரு சாராரின் குடியிருப்புக்கு மட்டும் உரிய இழிவழக்காக அது சுருங்கியது பிற்கால நிகழ்வு. இருபதாம் நூற்றாண்டில் அவ்விடத்தைக் 'காலனி' என்னும் சொல் பிடித்துக்கொண்டது. அச்சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025இல் தமிழக அரசு அறிவித்தமை, இடப்பெயர் வெறும் முகவரியன்று என்பதற்குச் சான்று.

2000இல் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்ட பின் நெல்வயலும் தோப்பும் மேய்ச்சல் நிலமுமாக இருந்த இவ்வூர்களில் நிலம் விரைந்து கைமாறியது. இங்கு இலண்டன் இலக்கணம் முழுமையாகப் பொருந்தாது. பட்டா வைத்திருந்தவர் நிலத்தை விற்றார். எஞ்சிய மனையில் மாடி எழுப்பி வாடகைக்கு விட்டார். அவர் குடிமாற்றத்தால் நலிந்தவர் அல்லர். அந்நிலத்தில் நடவு நட்டவர், களை பறித்தவர், ஏரிக்கரையில் மாடு மேய்த்தவர் ஆகியோரிடம் விற்பதற்கு எதுவும் இல்லை. 'ஊர்க்காரர்', 'வந்தவர்' என்று இருதரப்பாகப் பிரித்துப் பேசும் வழக்கம் இவ்வேறுபாட்டை மறைத்துவிடுகிறது. ஊர்க்காரருள்ளும் ஊர் ஒன்றன்று.

வாடகையும் அட்வான்ஸும்

அன்றாட வாழ்வில் குடிமாற்றம் முதலில் உணரப்படும் இடம் வாடகை. சென்னையில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகப் பெறுவது நெடுநாள் வழக்கம். மென்பொருள் நிறுவன ஊழியர் மூவர் சேர்ந்து ஒரு வீட்டுக்குத் தரக்கூடிய தொகையை, அதே தெருவில் தையற்கடை வைத்திருப்பவரால் தர இயலாது. அவர் ஒப்பந்தம் முடிந்ததும் உட்பகுதிக்குப் போகிறார். பிறகு அதற்கும் உட்பகுதிக்குப் போகிறார். யாரும் அவரை வெளியேற்றவில்லை. 'வீடு மாறினார்' என்றே சொல்லப்படும். வெளியேற்றம் எனப் பெயர் பெறாத வெளியேற்றம் இது.

1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்கு மாற்றாக 2017இல் இயற்றப்பட்டு 2019இல் நடைமுறைக்கு வந்த சட்டம், எழுத்துவழி ஒப்பந்தத்தையும் அதன் பதிவையும் வேண்டுகிறது. முன்பணத்துக்கும் ஒரு வரம்பு கூறுகிறது. ஆனால் இருதரப்பும் வேறாக உடன்பட்டால் அவ்வரம்பு பொருந்தாது. வீடு தேடி நிற்பவர் எதற்குத்தான் உடன்படமாட்டார்?

ஆக்கிரமிப்பும் புறம்போக்கும்

இப்பகுதி வழக்குகளில் மிகுந்த கூர்மை உடைய சொல் 'ஆக்கிரமிப்பு'. குடியிருப்போர் நலச்சங்கங்களின் மனுக்களில் சாலையோர மீன்கடை, நடைபாதைக் காய்கறிக்கடை, ஏரிக்கரைக் குடிசை எல்லாம் இவ்வொரு சொல்லில் அடங்கும். வெள்ள அச்சமும் இதன் பின்னே உண்டு. அது பொய்யான அச்சமன்று. 2015 திசம்பரில் வெள்ளத்தையும் 2019 கோடையில் லாரித் தண்ணீருக்கும் வழியற்ற வறட்சியையும் கண்ட பகுதி இது. நீர்நிலை காக்கப்படவேண்டும் என்போர் தம் கீழ்த்தளத்தில் நீர் புகக் கண்டவர்கள்.

எனினும் சொல் சமமாகப் பாய்வதில்லை. பள்ளிக்கரணைக் கழுவெளி வருவாய் ஆவணங்களில் பயனற்ற நிலமாகக் கருதப்பட்டது. அதன்மீது பெருங்குடிக் குப்பைக்கிடங்கும் ஆய்வு நிறுவனங்களும் சாலைகளும் எழுந்தன. 2022இல் எஞ்சிய சதுப்புநிலம் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. கழுவெளியின்மீது உரிமம் பெற்று எழுந்தது 'வளர்ச்சி' எனவும், கரையில் உரிமமின்றி எழுந்தது 'ஆக்கிரமிப்பு' எனவும் பெயர் பெறுகின்றன. நீருக்கு இவ்வேறுபாடு தெரியாது.

'புறம்போக்கு' என்னும் சொல்லையும் இங்கு நோக்கவேண்டும். மேய்க்கால், களம், ஓடை, சுடுகாடு என ஊரார் அனைவருக்கும் பொதுவாக விடப்பட்டு, வரிக்கணக்கில் சேராத நிலமே புறம்போக்கு. பொதுமையைக் குறித்த சொல் வசைச்சொல்லாயிற்று. எண்ணூர்க் கழிமுகத்தை முன்வைத்து 2017இல் வெளிவந்த 'சென்னை புறம்போக்குப் பாடல்' அச்சொல்லின் பழம்பொருளை மீட்க முனைந்தது. பழைய மாமல்லபுரச் சாலை ஊர்களில், அடுக்ககச் சுவர் எழுந்தபின் சுடுகாட்டுக்கும் ஏரிக்கும் போகும் பாதை சுற்றுவழியாயிற்று என்று முதியோர் முறையிடுவது இப்பொருளிலேயே. பிணம் எடுத்துச் செல்கையில் பறையும் வெடியும் கூடாது என்று புதியோர் முறையிடுவதும் அதே பாதையைப் பற்றியதுதான்.

மாற்றும் அகற்றலும்

1970இல் தொடங்கப்பட்ட 'குடிசை மாற்று வாரியம்' தன் தமிழ்ப்பெயரில் 'மாற்று' என்றும், ஆங்கிலப் பெயரில் 'கிளியரன்ஸ்', அதாவது அகற்றல், என்றும் இருபொருள் கொண்டிருந்தது. தொடக்கத்தில் குடிசை இருந்த இடத்திலேயே மாடிக் குடியிருப்புகள் கட்டித் தந்தபோது தமிழ்ப்பெயர் பொருந்தியது. 2000 முதல் நகரின் உட்பகுதிகளிலிருந்து மக்கள் சுமார் 20 கி.மீ. தொலைவிலுள்ள கண்ணகி நகருக்குக் கொண்டுவரப்பட்டபோது ஆங்கிலப்பெயரே மெய்யாயிற்று. 15,000க்கும் மேற்பட்ட வீடுகள் கொண்ட அக்குடியிருப்பைத் தொடர்ந்து செம்மஞ்சேரியும் பெரும்பாக்கமும் வந்தன. 2021இல் வாரியம் 'நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்' எனப் பெயர் மாறியது.

ஆகவே இப்புறநகரில் இரு குடியேற்றங்கள் ஒருசேர நிகழ்ந்தன: சந்தை அழைத்து வந்தவர் ஒருபுறம், அரசு கொண்டுவந்தவர் மறுபுறம். மதுரை மதிலுக்கு வெளியே புறஞ்சேரியில் தங்கிய காப்பியத் தலைவியின் பெயரை இக்குடியிருப்புக்கு வைத்தவர் அப்பொருத்தத்தை எண்ணியிருக்கமாட்டார். கண்ணகி நகர்ப் பெண்கள் பலர் அண்மை அடுக்ககங்களில் வீட்டுவேலை செய்கின்றனர். அவர்கள் இன்றி அவ்வடுக்ககங்களின் காலைப்பொழுது நகராது. ஆயினும் வேலைக்கு விண்ணப்பிக்கும் அவர்தம் பிள்ளைகள் முகவரியில் 'துரைப்பாக்கம்' என எழுதுவதுண்டு. 2020இல் இக்குடியிருப்பின் சுவர்களில் பேரோவியங்கள் தீட்டப்பட்டுக் 'கலை மாவட்டம்' என அறிவிக்கப்பட்டது. பார்வையாளர் வந்தது நன்றே. குழாயில் நீர் வரும் நேரமும் பேருந்து வரும் நேரமும் சுவரோவியத்தால் மாறுவன அல்ல.

பேசும் களம்

2011இல் சென்னை மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கி.மீ.யிலிருந்து 426 சதுர கி.மீ.யாக விரிந்தபோது 42 உள்ளாட்சி அமைப்புகள் அதனுள் இணைந்தன. அவற்றுள் 25 ஊராட்சிகள். ஊராட்சி போனதும் கிராம சபை போயிற்று. 2016 முதல் 2022 பிப்ரவரித் தேர்தல் வரை மாமன்ற உறுப்பினரும் இல்லை. ஊர்ப்பொதுவில் வாதிட வேண்டியவை நலச்சங்கக் கூட்டத்துக்கும் நீதிமன்ற மனுவுக்கும் இடம்பெயர்ந்தது இவ்விடைவெளியில்தான். சங்கத்தில் சேர வீட்டு உரிமை வேண்டும். மனுவுக்கு வழக்கறிஞர் வேண்டும். மீன்கடைக்காரிக்கு இரண்டும் இல்லை. தெருவணிகர் பாதுகாப்புச் சட்டம் 2014இலேயே வந்துவிட்டது. அதன்படி நகர விற்பனைக் குழுவில் வணிகர் பிரதிநிதிகளுக்கு இடமுண்டு என்பது தெருவுக்கு எட்டவேண்டுமே.

2022இல் வார்டுக் குழுக்களும் பகுதி சபைகளும் அமைய விதிகள் வெளியிடப்பட்டன. கிராம சபை இழந்த ஊர்களுக்கு இது ஒரு வாயில். ஆனால் பதினொரு மாத ஒப்பந்தத்தில் வீடு மாறிக்கொண்டே இருப்பவரின் பெயர் வாக்காளர் பட்டியலில் பெரும்பாலும் முந்தைய தெருவிலேயே நின்றுவிடுகிறது. வாடகையைப் பற்றிப் பேசவேண்டியவர் அவர்; அவர் குடியிருக்கும் தெருவுக்கான சபையில் அவருக்கு இன்னும் முகவரி இல்லை.