இரண்டு ரூபாய்ச் செம்பு

யூஎஸ்பி கேபிளுக்குள் மின்சாரம் போக ஒரு கம்பி, திரும்ப ஒரு கம்பி. அமெரிக்கக் கம்பி அளவில் (ஏடபிள்யூஜி) எண் கூடக்கூடக் கம்பி மெலியும். ஒரு மீட்டர் கேபிளில் இந்த இரண்டும் 28-ஆம் எண் கம்பியாக இருந்தால் செம்பு 1.4 கிராம், 24-ஆம் எண் என்றால் 3.6, 20 என்றால் 9.2. செம்பு கிலோ 1,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், முதல் இரண்டுக்கும் வித்தியாசம் 2 ரூபாய் 20 காசு. மலிவுக் கேபிளில் மிச்சம் பிடிப்பது இதைத்தான்.

அதற்கு நாம் கொடுக்கும் விலை வோல்ட்டில் தெரியும். 28-ஆம் எண்ணில் போக வரத் தடை 0.43 ஓம். 5 வோல்ட்டில் 2 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே 0.85 வோல்ட் போய்விடும். போனுக்குச் சேர்வது 4.15. லித்தியம் செல் நிரம்பவே 4.2 வேண்டும். போன் வேறு வழியின்றி ஆம்பியரைக் குறைத்துக்கொள்கிறது. சார்ஜரில் 10 வாட் என்று அச்சிட்டிருந்தும் சார்ஜ் ஏறாமல் ஊர்வது இதனால்தான். 24-இல் இழப்பு 0.34, 20-இல் 0.13 மட்டுமே. செருகுமுனைகளின் தடை இதில் சேரவில்லை.

ராஸ்பெர்ரி பை 3 கணினி இதை இன்னும் கறாராகக் காட்டும். அதன் அடாப்டர் 5.1 வோல்ட், 2.5 ஆம்பியர், 4.63-க்குக் கீழே இறங்கினால் எச்சரிக்கை வரும். இடையில் இழக்கக்கூடியது 0.47 வோல்ட். முழு ஆம்பியரும் இழுத்தால் 28-ஆம் எண் கேபிள் 44 சென்டிமீட்டருக்கு மேல் தாங்காது.

தரவிதிகள் முதலில் ஆம்பியரைத்தான் ஏற்றின: யூஎஸ்பி 2.0-இல் 0.5, 3.0-இல் 0.9, 2010-இன் சார்ஜிங் விதியில் 1.5, டைப்-சியில் 3. ஆனால் ஆம்பியர் இரட்டித்தால் கேபிளில் வீணாகும் வெப்பம் நான்கு மடங்கு. பவர் டெலிவரி முறை வோல்ட்டை உயர்த்தியது சரியான தீர்வு. 15 வாட்டை ஒரு மீட்டர் 24-ஆம் எண் கேபிளில் அனுப்பிப் பாருங்கள்: 5 வோல்ட்டில் 1.5 வாட் வீண்; 9-இல் 0.47, 20-இல் 0.09. 2021-இல் இது 48 வோல்ட், 240 வாட் வரை போனது. 5 ஆம்பியருக்குக் கேபிளிலேயே அடையாளச் சில்லு வேண்டும்.

5 வோல்ட் சாதனங்களுக்கு இந்த வசதி கிடையாது. அவற்றுக்குக் கம்பியின் பருமனே கதி. சில கேபிள்களின் உறையில் ‘28ஏடபிள்யூஜி/1பி + 24ஏடபிள்யூஜி/2சி’ என்று பொடி எழுத்தில் இருக்கும். முதலாவது தகவல் இணை, இரண்டாவது மின்கம்பிகள். வாங்குமுன் அந்த இரண்டாவது எண்ணைப் பாருங்கள். எல்லாக் கேபிளிலும் அதை அச்சிடச் செய்ய வேண்டும். எண்ணே இல்லாத இரண்டு மீட்டர் கேபிளை, எவ்வளவு மலிவானாலும், நான் வாங்கச் சொல்லமாட்டேன்.