கியர் விழ மறுக்கிறதா? பழைய காரில் முதலில் பார்க்க வேண்டியது கியர் பெட்டியை அல்ல

மும்பை: மும்பை மாநகரின் வடகிழக்கு எல்லையில் உள்ள முலுண்டில், வீட்டுவசதி சங்க வளாகங்களில் இன்றும் பழைய மேனுவல் கியர் கார்கள் நிற்கின்றன. வாரம் ஓரிரு முறை மட்டுமே வெளியே எடுக்கப்படும் இத்தகைய கார்களில் அடிக்கடி எழும் புகார், கியர் மாற்றும்போது கைக்குத் தட்டுப்படும் இறுக்கம். கியர் பெட்டி பழுதாகிவிட்டது என்ற முடிவுக்கு உரிமையாளர்கள் உடனே வந்துவிடுகின்றனர். பெட்டியை இறக்கிப் பிரிப்பதற்கான கூலியும் உதிரி பாகங்களின் விலையும் சேர்ந்தால், சில நேரங்களில் காரின் மறுவிற்பனை மதிப்பையே நெருங்கிவிடும். ஆனால் இறுக்கத்தின் காரணம் பல வேளைகளில் பெட்டிக்கு வெளியேதான் இருக்கும்.

கியர் மாறும் நொடியில், என்ஜினின் சுழற்சி கியர் பெட்டிக்குச் செல்லாதபடி துண்டிக்கப்பட வேண்டும். அந்த வேலையைச் செய்வது கிளட்ச். கியர் ராடின் அசைவைப் பெட்டிக்குள் கொண்டு செல்வது இணைப்புத் தண்டுகள் அல்லது கேபிள்கள். பெட்டிக்குள் பற்சக்கரங்களின் வேகத்தைச் சமப்படுத்துவது சிங்க்ரோனைசர் வளையம். குறை இம்மூன்றில் எங்கே உள்ளது என்பதைப் பிரித்தறிய ஓர் எளிய சோதனை உண்டு.

காரைச் சமதளத்தில் நிறுத்தி, கைபிரேக்கைப் போட்டு, என்ஜினை அணைத்துவிட்டு எல்லா கியர்களையும் மாற்றிப் பார்க்க வேண்டும். அணைந்த நிலையில் எளிதாக விழும் கியர், என்ஜின் ஓடும்போது மட்டும் இறுகினால், கிளட்ச் முழுமையாக விடுபடவில்லை என்று பொருள். இரு நிலைகளிலும் இறுக்கம் இருந்தால் இணைப்புகளையோ பெட்டியின் உட்பகுதியையோ சந்தேகிக்கலாம். என்ஜின் அணைந்த நிலையில் பற்கள் நேருக்கு நேர் நின்று ஒரு கியர் விழாமல் போவது இயல்பு. காரைச் சற்றே நகர்த்தினால் அது விழுந்துவிடும். அதைப் பழுதென்று கருத வேண்டியதில்லை.

கிளட்ச் சரியாக விடுபடுகிறதா என்பதை ரிவர்ஸ் கியரைக் கொண்டும் அறியலாம். என்ஜின் ஓடும்போது கிளட்சை முழுவதும் மிதித்து, மூன்று நான்கு நொடிகள் காத்திருந்து, பிறகு ரிவர்ஸ் போட வேண்டும். அத்தனை நேரம் காத்த பின்னும் 'கரகர' என்ற ஓசை எழுந்தால், மிதித்த நிலையிலும் கிளட்ச் தட்டு சுழன்றுகொண்டே இருக்கிறது. இச்சோதனையின்போது காரின் முன்னும் பின்னும் யாரும் நிற்கக் கூடாது.

கிளட்ச் விடுபடாததற்கான காரணங்களுள் மிக அற்பமானது, காலடியில் கிடக்கும் ரப்பர் பாய். மழைக்காலத்தில் ஈரம் ஏறாமலிருக்க ஒன்றின் மேல் ஒன்றாகப் போடப்படும் பாய்கள் பெடலுக்கு அடியில் மடிந்து, அது கடைசி வரை இறங்குவதைத் தடுக்கின்றன. பட்டறைக்குப் போகும் முன் பாயை எடுத்துவிட்டு ஒரு முறை ஓட்டிப் பார்ப்பதற்குச் செலவேதும் இல்லை.

அடுத்தது கேபிள். 1983 டிசம்பரில் அறிமுகமாகி 2014 ஜனவரி வரை தயாரிக்கப்பட்ட மாருதி 800 போன்ற கார்களில் கிளட்சை இயக்குவது ஓர் எஃகுக் கேபிள். ஆண்டுகள் செல்லச் செல்ல அது நீள்கிறது, உறைக்குள் துருவும் பிடிக்கிறது. பெடலின் தொடக்கத்தில் இருக்க வேண்டிய சிறு தளர்வு அளவுக்கு மீறிக் கூடினால், கால் தரையைத் தொட்டாலும் கிளட்ச் பாதிதான் விடுபடும். கேபிளின் முனையிலுள்ள திருகாணியைச் சரிசெய்தாலே பெரும்பாலும் குறை நீங்கும். தளர்வே இல்லாதபடி இறுக்கிவிடுவதும் தவறு. அப்போது கிளட்ச் நழுவி, தட்டு விரைவில் கருகும். சரியான அளவு காரின் கையேட்டில் இருக்கும்.

ஹைட்ராலிக் கிளட்ச் உள்ள கார்களில் திரவத்தின் அளவைப் பார்க்க வேண்டும். பெடலை இரண்டு மூன்று முறை தொடர்ந்து மிதித்த பின் கியர் எளிதாக விழுந்தால், குழாயில் காற்று புகுந்திருக்கலாம் அல்லது சிலிண்டரின் ரப்பர் தேய்ந்திருக்கலாம். இதில் பயன்படும் பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. ஆண்டில் நான்கு மாதம் மழையில் நனையும் மும்பையில் இதைப் புறக்கணிப்பது நல்லதல்ல.

இப்பகுதியின் போக்குவரத்தும் கிளட்சுக்குக் கருணை காட்டுவதில்லை. சயானிலிருந்து தாணே வரை செல்லும் எல்பிஎஸ் சாலையில் அடிக்கு ஒரு முறை நின்று நகர்வதே வழக்கம். முலுண்ட் சுங்கச்சாவடி வரிசையில் அரை கிளட்சில் ஊர்ந்த அனுபவம் இங்குள்ள பலருக்கு உண்டு. மும்பையின் ஐந்து நுழைவுச் சாவடிகளிலும் இலகு ரக வாகனங்களுக்கான கட்டணம் 2024 அக்டோபரில் ரத்தானது. எனினும் அதற்கு முந்தைய ஆண்டுகளின் தேய்மானம் பழைய கார்களில் அப்படியேதான் உள்ளது.

ஓடாமலேயே நின்ற காருக்கும் இதே தொல்லை வரும். மழைக்காலம் முழுவதும் திறந்தவெளியில் நின்றால், கிளட்ச் தட்டு துருவால் ஃபிளைவீலுடன் ஒட்டிக்கொள்வதுண்டு. பெடலை எவ்வளவு மிதித்தாலும் ஓடும் என்ஜினில் கியர் விழாது. ஒரே நாளில், அதுவும் நீண்ட இடைவெளிக்குப் பின் எடுக்கும்போது இக்குறை தோன்றினால் இதை நினைவில் கொள்ள வேண்டும். கியரில் வைத்தபடியே என்ஜினை இயக்கி அதிர்ச்சியில் பிரிக்கும் வழக்கம் சில பட்டறைகளில் உண்டு. குறுகிய வளாகத்தில் அனுபவமில்லாதவர் அதை முயல்வது ஆபத்து.

இணைப்புத் தண்டுகளின் கதையைப் பேசும்போது மும்பையில் பிரீமியர் பத்மினியைத் தவிர்க்க இயலாது. எல்பிஎஸ் சாலையின் தென்பகுதியான குர்லாவில் இருந்த பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் ஆலையில் உருவான இந்தக் காரின் பெரும்பாலான வடிவங்களில், கியர் ராடு ஸ்டியரிங்கின் தண்டோடு பொருத்தப்பட்டிருந்தது. ஓட்டுநரின் கையசைவு பல மூட்டுகளைக் கடந்தே பெட்டியை அடைந்தது. ஒவ்வொரு மூட்டிலும் உள்ள புஷ் சிறிது தேய்ந்தாலும் அவை அனைத்தும் கூடி, கியர் தடுமாறத் தொடங்கும். கடைசியாகப் பதிவான பத்மினி டாக்சி 20 ஆண்டு வயது வரம்பை எட்டியதால், 2023 அக்டோபர் 30 முதல் அது டாக்சியாக ஓடும் காலம் முடிந்தது. தனியாரிடம் எஞ்சியிருக்கும் பத்மினிகளில் மூட்டுகளுக்குக் கிரீஸ் இடுவதும் புஷ்களை மாற்றுவதுமே முதல் மருத்துவம். தரையில் கியர் ராடு உள்ள கார்களுக்கும் இது பொருந்தும். என்ஜினைத் தாங்கும் ரப்பர் உடைந்து என்ஜின் சாய்ந்தாலும் தண்டுகளின் கோணம் மாறி இறுக்கம் உண்டாகும்.

கியர் ஆயில் மறக்கப்படும் பொருள். என்ஜின் ஆயிலைத் தவறாமல் மாற்றுபவர்கள்கூட இதைத் தொடுவதில்லை. காலையில் இறுக்கமும், ஓடிச் சூடான பின் தளர்வும் இருந்தால் ஆயில் தடித்ததாகவோ பழையதாகவோ இருக்கலாம். 'உயர்தரம்' என்று எண்ணி ஜிஎல்-4 கேட்கும் பெட்டியில் ஜிஎல்-5 ஊற்றுவதும் சிக்கலைத் தரும். கூடுதல் அழுத்தத்தைத் தாங்குவதற்காக அதில் சேர்க்கப்படும் கந்தகச் சேர்மங்கள் பித்தளை சிங்க்ரோனைசர் வளையங்களைப் பாதிக்கக்கூடும்.

வெள்ளத்தில் நின்ற காருக்குத் தனி எச்சரிக்கை தேவை. பெட்டியின் மேலுள்ள காற்றுத் துளை வழியாக நீர் உள்ளே இறங்கும். சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பதிவான 2005 ஜூலை 26-ஐக் கண்டவர்களுக்கு, நீரில் நின்ற காரைப் பற்றி விளக்கத் தேவையில்லை. ஆயில் பால் போல வெளுத்திருந்தால் அதில் நீர் கலந்துவிட்டது. உடனே வடித்து மாற்றாவிட்டால் பேரிங்குகளில் துரு ஏறும்.

இவை அனைத்தும் சரியாக இருந்து, ஒரே ஒரு கியர் மட்டும் ஓசையுடன் விழுந்தால் அந்த கியரின் சிங்க்ரோனைசரைச் சந்தேகிக்கலாம். கியரை விட்டு நியூட்ரலுக்கு வந்து, ஒரு முறை கிளட்சை எடுத்து மீண்டும் மிதித்து மாற்றினால் அது அமைதியாக விழும். பழைய லாரி ஓட்டுநர்கள் பழகிய இந்த இரட்டைக் கிளட்ச் முறை நோயை உறுதி செய்யுமே தவிரத் தீர்க்காது. பெட்டியை இறக்க வேண்டிய கட்டம் இதுதான்.

போட்ட கியர் தானாக நழுவி நியூட்ரலுக்குத் திரும்பும் காரையும், பெடல் திடீரெனத் தரையோடு தங்கிவிடும் காரையும் நெடுஞ்சாலைக்கு எடுத்துச் செல்லக் கூடாது. கசாரா, கண்டாலா மலைச்சாலை இறக்கங்களில் வேகத்தைக் கட்டுப்படுத்துவது பிரேக் மட்டுமல்ல, தாழ்ந்த கியரும்தான். பட்டறையில் வண்டியை விடும்போது "கியர் டைட்டாக இருக்கிறது" என்று மட்டும் கூறாமல், என்ஜின் அணைந்த நிலையில் எப்படி, ஓடும்போது எப்படி, எந்த கியரில், காலையிலா சூடான பின்னரா என்ற விவரங்களைச் சொன்னால், மெக்கானிக் முதலில் பெட்டியைப் பிரிக்கத் தொடங்க மாட்டார்.