கைவினை பியர்: சுவைத்து ஒப்பிடும் முறை

கைவினை பியர் என்பது பேராலைகளில் ஒரே சீராகப் பெருமளவில் வடிக்கப்படாமல், சிற்றாலைகளில் சிறு தொகுதிகளாகக் காய்ச்சப்படும் பியரைக் குறிக்கும். ஆர்வலர்கள் நான்கைந்து பேர் கூடி, பல வகைகளைச் சிறிய குவளைகளில் ஊற்றி, நிறம், மணம், சுவை, வாயில் படும் உணர்வு ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு ஒப்பிடுவது இதனையொட்டி வளர்ந்த பழக்கம். காபி, தேயிலை வணிகத்தில் நெடுங்காலமாக நடந்துவரும் சுவைத் தேர்வைப் போன்றதே இதுவும்.

திருப்பத்தூர் மாவட்டத்தில் சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் உள்ள ஏலகிரி மலைக்குச் சென்னை, பெங்களூரு நகரத்தார் வார இறுதிகளில் வருகின்றனர். ஆனால் சிற்றாலையைப் பார்க்க விரும்பும் உள்ளூர்க்காரர் எதிர்த்திசையில், சோலையார்பேட்டையில் ரயில் ஏறிப் பெங்களூருக்குத்தான் போக வேண்டும். இந்த முரணுக்கு ஒரு வரலாறு உண்டு.

வரலாறு

தானியத்தை நொதிக்க வைத்துக் குடிப்பது இப்பகுதிக்குப் புதிதன்று. தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படை, வீட்டில் காய்ச்சிய தோப்பி என்னும் நெல்லரிசிக் கள்ளைக் குறிப்பிடுகிறது. அரிசியைக் கூழாக்கித் துழாவி ஆற்றி, நொதிக்கச் செய்யும் அடையைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் வைத்துப் பிழிந்தெடுக்கும் முறையும் அதே நூலில் வரிசையாகச் சொல்லப்படுகிறது. ஹாப் பூ ஒன்றுதான் இல்லை. மற்றபடி பியரின் உறவுமுறை அது.

19-ஆம் நூற்றாண்டில் நீலகிரியிலும் பெங்களூரிலும் ஆங்கிலேயர் பியர் ஆலைகள் நடத்தினர். 1915-இல் தாமஸ் லீஷ்மன் தென்னிந்திய ஆலைகள் ஐந்தை இணைத்து யுனைடெட் புரூவரீஸ் நிறுவனத்தை உருவாக்கினார். இராஜாஜி அரசு 1937-இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. 1939-இல் அது ஏலகிரி அடங்கியிருந்த வட ஆர்க்காடு மாவட்டத்துக்கும் வந்தது. பிற்காலத்தில் தமிழ்நாட்டில் மதுக்கடைகள் திறக்கப்பட்டும் மூடப்பட்டும் வந்தன. 2003 முதல் சில்லறை விற்பனை டாஸ்மாக்கிடம் மட்டுமே உள்ளது. பேராலைப் புட்டிகளையே நம்பியிருக்கும் இந்த ஏற்பாட்டில் சிற்றாலை மரபு வேர்விடவில்லை. இந்தியாவின் முதல் சிற்றாலைகளில் ஒன்றான டூலாலி 2009-இல் புணேயில் தொடங்கியது. பெங்களூரு விட்டல் மல்லையா சாலையில் தி பியர் கிளப் 2011-இல் வந்தது. அதன்பின் அந்நகரம் இத்துறையின் தலைமை இடமாயிற்று.

எதை ஒப்பிடுகிறோம்

பியரின் மூலப்பொருள்கள் நான்கு: தண்ணீர், முளைகட்டி உலர்த்திய வாற்கோதுமையான மால்ட், ஹாப் பூ, ஈஸ்ட். மால்ட் நிறத்தையும் இனிப்பையும் தருகிறது. அதைக் கருக வறுத்தால் ஸ்டவுட் வகையின் காபி மணம் கிடைக்கும். ஹாப் பூ கசப்பையும், சில வகைகளில் எலுமிச்சை, மாம்பழ மணத்தையும் தரும். ஈஸ்டின் வேலை சாராயத்தை உண்டாக்குவதோடு முடிவதில்லை. ஜெர்மானியக் கோதுமை பியரில் வரும் வாழைப்பழ மணமும் கிராம்பு மணமும் ஈஸ்ட் உண்டாக்கியவை; அதில் வாழைப்பழமும் இல்லை, கிராம்பும் இல்லை. பெல்ஜிய விட் வகையில் மட்டும் கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் உண்மையாகவே சேர்க்கப்படுகின்றன. பெங்களூரு சிற்றாலைகளில் இவ்வகை நன்றாக விற்பதில் வியப்பில்லை. மல்லி மணத்துக்குப் பழகிய மூக்கு அல்லவா?

சொற்களின் சிக்கல்

ஒப்பீட்டில் தொடக்கநிலையாளர் தடுமாறும் இடம் நாக்கு அன்று, சொல். மார்ட்டன் மெயில்கார்டு என்ற டேனிய வேதியியலாளர் 1970-களில் பியரின் மணம், சுவைகளை வகைப்படுத்தி ஒரு சக்கரப் படமாக அமைத்தார். உலகெங்கும் அதுவே பொது அகராதி. ஆனால் வெயில் பட்ட பியரின் நாற்றத்துக்கு மேலைநாட்டார் ஸ்கங்க் என்னும் விலங்கை உவமை சொல்வார்கள். அவ்விலங்கு இந்தியாவில் இல்லை. பார்த்தோ மோந்தோ அறியாத ஒன்றை மனப்பாடமாகச் சொல்வதால் பயன் ஏதும் இல்லை. எரிந்த ரப்பர் போல என்று தனக்குத் தெரிந்ததைச் சொல்பவரே நல்ல சுவைஞர்.

தமிழருக்கு இதில் சில வசதிகள் உண்டு. வாழைப்பழ மணம் என்பதோடு ஆங்கிலேயர் நின்றுவிடுவர். பூவனா, ரஸ்தாளியா, கற்பூரவல்லியா என்று கேட்க நம்மால் முடியும். ஆங்கிலத்தில் துவர்ப்பைச் சுவையாகவே கணக்கிடாமல் வாயின் உணர்வு என்று ஒதுக்குவார்கள். தமிழில் அது அறுசுவையுள் ஒன்று. கசப்பு ஹாப் பூவிலிருந்து வருவது. துவர்ப்போ பெரும்பாலும் மால்ட் உமியை அளவுக்கு மீறிச் சூடான நீரில் அலசியதால் வரும் பிழை. இரண்டையும் குழப்பிக்கொண்டால் ஆலைக்காரருக்குத் தவறான குறை போய்ச்சேரும்.

ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை வட்டாரத்தார்க்கு இந்தத் துவர்ப்பு இன்னும் நெருக்கமானது. தோல் பதனிடக் குரோமியம் வருவதற்கு முன் இங்கு ஆவாரம் பட்டையும் கடுக்காயும் பயன்பட்டன. தோலை இறுக்கும் டானின் என்ற பொருளே நாக்கையும் இறுக்குகிறது. கடுக்காயைக் கடித்தவர் அதை மறக்கமாட்டார். மேலும், பிரெட்டனோமைசிஸ் என்ற காட்டு ஈஸ்ட் சேர்ந்த பெல்ஜியப் புளிப்பு பியர்களைப் பதனிட்ட தோலின் மணம் உடையவை என்று நூல்கள் வருணிக்கின்றன. படிப்பவர் பலர் அம்மணத்தைக் கற்பனை செய்யவேண்டியிருக்க, ஆம்பூரில் வளர்ந்தவருக்குத் தோல் கிடங்கின் வாசலே நினைவுக்கு வரும்.

ஒப்பிடும் முறை

ஒரு அமர்வில் ஐந்து வகைக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றிலும் 60 முதல் 75 மில்லிலிட்டர் போதும். மென்மையானதில் தொடங்கிக் கடுமையானதில் முடிக்கவேண்டும். ஐபிஏவின் கசப்புக்குப் பிறகு லேகர் வெறும் தண்ணீராகத் தோன்றும். பனிக்கட்டிக் குளிர்ச்சி மணத்தை அடக்கிவிடும். லேகருக்கு 5 முதல் 7 பாகை செல்சியசும், ஸ்டவுட்டுக்கு 10-க்கு மேலும் பொருந்தும். இடையிடையே தண்ணீரும் வெறும் ரொட்டியும் மட்டுமே எடுத்துக்கொள்ளலாம். ஆம்பூர் பிரியாணியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பியரை மதிப்பிடுவது இரண்டுக்கும் நீதியாகாது.

முதலில் மோந்து பார்க்க வேண்டும், ஏனெனில் நுரை அடங்கினால் மணமும் போய்விடும். பிறகு நிறம், பிறகு ஒரு வாய். விழுங்கிய பின் மூச்சை மூக்கு வழியாக விட்டால் மணம் மீண்டும் தெரியும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, எழுதி முடிக்கும் வரை யாரும் பேசாதிருப்பது. குழுவில் குரல் உயர்ந்தவர் "மாம்பழ வாசனை" என்று சொல்லிவிட்டால், அடுத்த நிமிடமே எல்லாருக்கும் மாம்பழம் மணக்கும். பெயர்ச்சீட்டும் விலையும் இப்படியே ஏமாற்றும். ஆகவே குவளைகளுக்கு எண் மட்டும் இட்டு ஊற்றுபவர் தனியாக இருக்கவேண்டும்.

பிழைகளை அறிவது சிறப்புகளை அறிவதைவிட எளிது. வெண்ணெய் மணம் வந்தால் நொதித்தல் ஒழுங்காக முடியவில்லை. வேகவைத்த மக்காச்சோளம் போலிருந்தால் காய்ச்சியது போதவில்லை என்று ஐயப்படலாம். பச்சை ஆப்பிள் மணம் முதிராத பியரின் அடையாளம். நனைந்த அட்டைப்பெட்டி போல் மணந்தால் காற்றுப் பட்டுப் பழையதாகிவிட்டது. மதிப்பெண் இட விரும்புவோர் 1985-இல் அமெரிக்காவில் தொடங்கிய பியர் நடுவர் சான்றளிப்புத் திட்டத்தின் 50 மதிப்பெண் தாளைப் பின்பற்றுகின்றனர்: மணம் 12, தோற்றம் 3, சுவை 20, வாயுணர்வு 5, மொத்த எண்ணம் 10. தோற்றத்துக்கு மூன்றே மதிப்பெண் என்பது கவனிக்கத்தக்கது.

சட்டமும் பாதுகாப்பும்

தமிழ்நாட்டில் 21 வயது நிரம்பாதவர் மது அருந்தக் கூடாது. பெங்களூரில் பிடித்த பியரைக் கலனில் நிரப்பி ஏலகிரி விடுதிக்கு உரிய அனுமதியின்றிக் கொண்டுவருவது, 1937-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டத்தின்படி குற்றம். சிறிய அளவுதானே என்று சுவைத்தபின் வண்டி ஓட்டுவதும் ஆகாது. 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்ககால் இருந்தால் மோட்டார் வாகனச் சட்டம் தண்டிக்கும். புலவர்கள், வள்ளல்கள் பெயர் தாங்கிய ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகள் தெளிந்த தலையோடு ஏறுபவருக்கே சோதனைதான்.

முக்கோணச் சோதனை

ஒருவருக்கு உண்மையிலேயே வேறுபாடு தெரிகிறதா, அல்லது தெரிவதாக நினைக்கிறாரா? இதற்கு 1940-களில் டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆலையில் ஒரு சோதனை வகுத்தனர். மூன்று குவளைகளில் இரண்டில் ஒரே பியர், ஒன்றில் வேறு. வேறானதைச் சொல்லவேண்டும். குருட்டுத்தனமாகச் சொன்னாலும் மூன்றில் ஒருமுறை சரியாகிவிடும் என்பதால், 12 முறை செய்தால் நான்கு சரியான விடைகள் தற்செயலாகவே வரும். எட்டு சரியாக வந்தால்தான் வேறுபாடு தெரிகிறது என்று புள்ளியியல் ஒப்புக்கொள்கிறது. பெரிதாகப் பேசும் பலர் ஐந்தாறில் நின்றுவிடுவார்கள்.

இச்சோதனைக்குப் பியர்தான் வேண்டும் என்பதில்லை. ஏலகிரியில் விற்கும் மலைத்தேனையும் கடைப் புட்டித் தேனையும் வைத்து வகுப்பறையிலேயே நடத்தலாம். நிறம் காட்டிக்கொடுக்காமலிருக்க மாணவர் கண்ணைக் கட்டிவிட்டு, மூன்று கரண்டிகளின் வரிசையை ஒவ்வொரு முறையும் மாற்றி, விடையைப் பக்கத்தில் இருப்பவர் கேட்காதபடி ஒருவர் குறித்துக்கொண்டால் போதும்.