மோட்டார் வண்டியின் பிராணவாயு உணர்கருவி

பள்ளிவாசல்துறைக் கமக்காரர் மரக்கறி ஏற்றும் பெற்றோல் வண்டிகள் பலவற்றின் புகைக்குழாயில் பிராணவாயு உணர்கருவி உண்டு. 1976ஆம் ஆண்டு வொல்வோ வண்டிகளில் வழக்கிற்கு வந்த இக்கருவி பெற்றோற் செலவை அளவோடு வைப்பதாகும்.

ஒரு இறாத்தல் பெற்றோல் முற்றாய் எரிய ஏறக்குறைய 14.7 இறாத்தல் காற்று வேண்டும். கருவியின் சிர்க்கோனியாப் பகுதி 300 பாகை செல்சியசு அளவிற்குச் சூடேறியதும், வெளிக்காற்றிலும் புகையிலுமுள்ள பிராணவாயுவின் வேறுபாட்டால் மின்னழுத்தம் பிறக்கும். பெற்றோல் மிகுந்தால் ஏறத்தாழ 0.9 வோல்ற்று; காற்று மிகுந்தால் 0.1. இதற்கேற்பக் கட்டுப்பாட்டுப் பெட்டி பெற்றோலைக் குறைக்கும் அல்லது கூட்டும்.

உப்புக்காற்றால் கருவியின் மின்னிணைப்பு துருவேறினால் அளவு பிழைக்கும், பெற்றோல் வீணாகும், புகை மிகும். ஆதலின் எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் தாமதியாது வண்டியைத் தேர்ந்த தொழிலாளரிடம் காட்டுக.