நெற்றிக்குள் ஓர் அறை

1982ஆம் ஆண்டு, சான் ஃபிரான்சிஸ்கோ. முக எலும்பு அறுவையில் தேர்ந்த டக்ளஸ் ஔஸ்டர்ஹவுட்டிடம் சக மருத்துவர் ஒருவர் ஒரு வேண்டுகோளோடு வந்தார். பாலின மாற்று அறுவை முடிந்த ஒரு திருநங்கையைப் பார்ப்பவர்கள் இன்னமும் ஆண் என்றே நினைக்கிறார்கள், முகத்தில் ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டார். பிறவிக் குறையால் கோணிய மண்டையோடுகளைச் சீர்செய்து பழகியவருக்கே இது புதுக் கேள்வி. பெண்முகத்தைப் பெண்முகமாகக் காட்டுவது எலும்பில் எந்த இடம்? விடை தேடி மானுடவியல் நூல்களையும், ஒரு பல்மருத்துவக் கல்லூரி சேர்த்துவைத்திருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட மண்டையோடுகளையும் ஆராய்ந்தார்.

தாடை, மோவாய், மூக்கு என எல்லாவற்றிலும் வேறுபாடு உண்டு. ஆனால் அவர் முதன்மையாகக் கருதியது நெற்றி. பெரும்பாலான ஆண்களுக்குப் புருவத்தின் அடியில் எலும்பு முன்தள்ளி நிற்கும், அதற்கு மேலே சற்றே தட்டையாகி, பிறகு வளையும். பெண்களின் நெற்றி பெரும்பாலும் புருவத்திலிருந்து உச்சிவரை ஒரே சீரான வளைவு. வேறுபாடு சில மில்லிமீட்டர்தான். அந்தச் சில மில்லிமீட்டரை நம் கண் நொடியில் படித்துவிடுகிறது என்பது எனக்குத் தீராத வியப்பு.

துருத்திய எலும்பைத் தேய்த்துவிட்டால் போதாதா? போதாது. அந்தப் புடைப்புக்குப் பின்னால் பலருக்கும் வெற்றிடம்தான் இருக்கிறது. சளி பிடித்தால் கனக்கிறதே, அந்த நெற்றி சைனஸ். பிறக்கும்போது இது கிடையாது. குழந்தைப் பருவத்தில் மூக்குப் பக்கமிருந்து மெல்ல மேலேறி, பதின்ம வயது முடியும்வரை விரிகிறது. இடமும் வலமும் ஒத்திருப்பதில்லை. சிலருக்கு அறையே உருவாவதில்லை. ஒருவருடையது இன்னொருவருடையதைப் போல இருக்காது என்பதால், அடையாளம் தெரியாத உடல்களைப் பழைய எக்ஸ்ரேயோடு ஒப்பிட்டு இன்னாரென்று சொல்லத் தடயவியலார் இதைப் பயன்படுத்துகிறார்கள்.

அறையின் முன்சுவர் சில மில்லிமீட்டர் கனமே. கண்டபடி தேய்த்தால் பொத்துக்கொள்ளும். ஆகவே முதலில் சி.டி. ஸ்கேன். சுவர் தடிமனாகவோ அறை இல்லாமலோ இருந்தால் துரப்பணத்தால் தேய்ப்பதோடு சரி. சிலருக்குப் புடைப்பைக் குறைத்து, அதற்கு மேலுள்ள பள்ளத்தை எலும்பு சிமென்ட்டால் நிரப்புகிறார்கள். மற்றவர்களுக்குச் செய்வதுதான் துணிச்சலான வேலை. முன்சுவரை ஒரு வில்லையாக அறுத்தெடுத்து, மேசையில் வைத்துச் சீவி வடிவம் திருத்தி, முன்பைவிட உள்ளடங்கியபடி மீண்டும் பொருத்தி, டைட்டானியத் தகடும் திருகும் கொண்டு பிணைக்கிறார்கள். அறையின் பின்சுவருக்கு அப்பால் மூளையின் உறை. எலும்பு நாளடைவில் கூடி ஒட்டிவிடும். நெற்றிக்கேற்ப முறையைப் பிரிக்கும் இந்த வகைப்பாட்டை ஔஸ்டர்ஹவுட் 1987இல் வெளியிட்டார். இன்றும் அதன் வழியில்தான் பலர் திட்டமிடுகிறார்கள்.

இதற்கெல்லாம் முகத்தில் கத்தி படுவதில்லை. முடி தொடங்கும் விளிம்பிலோ, முடிக்குள் காதிலிருந்து காதுவரையோ கீறி, நெற்றித் தோலைப் புருவம்வரை கீழே மடக்குகிறார்கள். புருவ எலும்பிலிருந்து மேலேறும் நரம்பின் கிளைகள் கீறலில் அறுபடுவதால், உச்சந்தலை மாதக்கணக்கில் மரத்துப்போகும். சிலருக்குக் கொஞ்சம் நிலைத்தும்விடும். இதை முன்கூட்டியே சொல்லாத மருத்துவரிடம் போகக் கூடாது.

விளிம்பில் கீறினால் இன்னொரு வாய்ப்பு: முடிக்கோட்டையே இறக்கலாம். பத்து விரலாலும் தலைத்தோலைப் பற்றி அசைத்தால் முன்னும் பின்னும் நகரும். ஐந்து அடுக்குகளில் நான்காவது இளகிய இணைப்புத் திசு. மேலே உள்ள மூன்றும் ஒன்றாக அதன்மீது வழுக்குகின்றன. அந்த அடுக்கில் தலைத்தோலைப் பிரித்து முன்னே இழுத்து, மிஞ்சும் நெற்றித் தோலை வெட்டிவிட்டுத் தைக்கிறார்கள். இரண்டு சென்டிமீட்டர் அளவு இறங்கும். இறுகிய தலையென்றால் குறைவு. கத்தி போகும் சாய்வில்தான் நுட்பமே. செங்குத்தாகக் கீறாமல் சரித்துக் கீறுவதால், விளிம்பிலுள்ள மயிர்க்கால்கள் தையலுக்கு அடியில் உயிரோடு தங்கி, சில மாதங்களில் தழும்பைத் துளைத்துக்கொண்டு முடி முளைக்கிறது.

வழுக்கை விழும் ஆண்களுக்கு இது பொதுவாக ஒத்துவராது. முடி பின்வாங்கப் பின்வாங்கத் தழும்பு வெளியே தெரியும். அவர்களுக்கு வழிகாட்டியவர் நியூயார்க்கின் தோல் மருத்துவர் நார்மன் ஓரன்ட்ரைக். பிடரி மயிரை வேரோடு எடுத்து முன்னால் நட்டாலும் அது பிடரியின் குணத்தோடே வளர்கிறது, உதிர்வது இடத்தைப் பொறுத்ததல்ல என்று 1959இல் எழுதினார். இன்றைய முடி நடவு முழுவதும் அதன்மேல் நிற்கிறது. முதல் வரிசைகளில் ஒற்றை முடிகளை மட்டும், இயற்கையாகச் சாயும் கோணத்திலேயே நடுகிறார்கள். நட்டது சில வாரங்களில் கொட்டிப்போய்ப் பயமுறுத்தும். வேர் தங்கியிருக்கும், மூன்று நான்கு மாதத்தில் துளிர்க்கும், முழுப் பலன் தெரிய ஓராண்டாகும். பிடரியில் இருக்கும் மயிர்க்கால்களுக்கோ அளவு உண்டு, எடுத்த இடத்தில் மறுபடி முளைப்பதில்லை. இருபது வயதில் வந்து முடிக்கோட்டைக் கீழே இறக்கச் சொல்லும் இளைஞனை, நல்ல மருத்துவர் சில ஆண்டுகள் பொறுக்கச் சொல்வது அதனால்தான். நட்டது நிற்க, அதற்குப் பின்னால் உள்ளது கொட்டிவிட்டால், இடைவெளியை நிரப்பப் பிடரியில் மிச்சம் இருக்க வேண்டும்.