எம்.பி.யிடம் சாலை கேட்கும் முன்

பாராளுமன்ற உறுப்பினர் ஊருக்கு வருகிறார் என்றால் மாலையும் மனுவும் தயாராகி விடுகின்றன. மனுக்களில் பெரும்பாலானவை சாலை, பாலம், ரயில்வே கேட் பற்றியவையே. "எங்கள் ஊருக்குத் தார்ச்சாலை அமைத்துத் தரும்படி பணிவுடன் கேட்டுக் கொள்கிறோம்" என்று ஒரு வரி, கீழே ஐம்பது கையெழுத்து. எம்.பி.யும் வாங்கி உதவியாளரிடம் கொடுப்பார். அதன் பிறகு அந்தக் காகிதம் எங்கே போகிறது, பல மனுக்கள் ஏன் பலன் தராமல் போகின்றன என்பதை விவசாயப் பெருமக்கள் அறிந்து கொள்வது அவசியம். உரமிடுவதற்குப் பருவமும் அளவும் இடமும் இருப்பது போல மனுவுக்கும் உண்டு.

விவசாயப் பகுதியில் சாலையைப் பற்றி எழுதுவானேன் என்று சிலர் நினைக்கலாம். வெட்டிய கரும்பு 24 மணி நேரத்துக்குள் அரவைக்குப் போக வேண்டும். நேரம் ஏற ஏற எடையும் குறைகிறது, சர்க்கரை பிழிதிறனும் குறைகிறது. மரவள்ளிக் கிழங்கு பறித்த இரண்டு, மூன்று நாட்களில் உள்ளே நீலம் பாய்ந்து கறுக்கத் தொடங்கி விடும். சேகோ ஆலையில் விலை இறங்கும். விடியுமுன் பறித்த மல்லிகை மொட்டு, வண்டி சேற்றில் சிக்கி வெயில் ஏறிய பின் சந்தைக்குப் போனால் கேட்பாரில்லை. மேடு பள்ளத்தில் குலுங்கிப் போகும் தக்காளியில் அடிப்பெட்டிகள் நசுங்கியே இறங்குகின்றன. நாங்கள் ஒரு புதிய ரகத்தையோ பயிர்ப் பாதுகாப்பு முறையையோ சிபாரிசு செய்து விளைச்சலைக் கூட்டலாம். கூடின விளைச்சலைக் கடைசி இரண்டு கிலோமீட்டர் வண்டிப்பாதை தின்று விட்டால் என்ன பயன்?

எம்.பி. செய்யக்கூடியது என்ன?

முதலில் ஒன்றைத் தெளிவாகப் புரிந்து கொள்ள வேண்டும். எம்.பி. பரிந்துரை செய்பவரே தவிர பணத்தை அனுமதிப்பவர் அல்ல. அவருடைய பெயரிலேயே உள்ள தொகுதி மேம்பாட்டு நிதியில்கூட வேலையை அவர் சிபாரிசு செய்யலாம்; அனுமதி வழங்கி நிறைவேற்றுவது மாவட்ட நிர்வாகம். இந்தத் திட்டம் 1993 டிசம்பரில் தொடங்கியது. முதல் ஆண்டில் உறுப்பினர் ஒருவருக்கு ரூ.5 லட்சம், அடுத்த ஆண்டு ரூ.1 கோடி, 1998-99-ல் ரூ.2 கோடி, 2011-12 முதல் ஆண்டுக்கு ரூ.5 கோடி என்று உயர்ந்தது. கொரோனா காலத்தில் 2020 ஏப்ரலில் நிறுத்தி வைக்கப்பட்டு 2021 நவம்பரில் மீண்டும் வந்தது.

ஐந்து கோடி என்றதும் பெரிதாகத் தெரியும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். தமிழ்நாட்டில் ஒரு மக்களவைத் தொகுதிக்குள் ஆறு சட்டமன்றத் தொகுதிகள் உள்ளன. சமமாகப் பங்கிட்டால் ஒவ்வொன்றுக்கும் ரூ.83 லட்சம்தான். ஒரு கிலோமீட்டர் கிராமச் சாலைக்கு என்ன செலவு? மத்திய அமைச்சரவை 2024 செப்டம்பரில் ஒப்புதல் அளித்த பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தின் நான்காம் கட்டத்தில் 62,500 கிலோமீட்டருக்கு, பாலங்களையும் சேர்த்து, ரூ.70,125 கோடி ஒதுக்கினார்கள். அதாவது கிலோமீட்டருக்குச் சராசரி ரூ.1.12 கோடி. இந்தக் கணக்குப்படி எம்.பி. தம் ஓராண்டு நிதி முழுவதையும் சாலைக்கே கொட்டினாலும் நாலரை கிலோமீட்டர்தான் போட முடியும். பள்ளிக் கட்டடம், குடிநீர், ஆஸ்பத்திரி எல்லாம் அந்த நிதியிலிருந்தே என்பதையும் மறக்கக் கூடாது. ஆகவே இந்த நிதியில் முழுச் சாலை கேட்பது வீண். ஓடையில் ஒரு குழாய்ப் பாலம், ஆண்டுதோறும் அறுத்துக் கொண்டு போகும் நூறு மீட்டரில் சிமெண்ட் தளம், பால் வண்டி திரும்புவதற்கு இடம், இவற்றைக் கேட்டால் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். மாநிலங்களவை உறுப்பினர் தாம் தேர்ந்தெடுக்கப்பட்ட மாநிலத்தின் எந்த மாவட்டத்துக்கும் சிபாரிசு செய்யலாம். இதை நம் கிராமங்களில் பலர் அறிவதில்லை. மக்களவை உறுப்பினர் வீட்டு வாசலிலேயே கூட்டம் நிற்கிறது.

முழுச் சாலைக்கு உரிய வாசல் பிரதமர் கிராமச் சாலைத் திட்டமே. இது 2000 டிசம்பர் 25-ல் தொடங்கியது. முதலில் செலவு முழுவதும் மத்திய அரசுடையது. 2015-16 முதல் தமிழ்நாடு போன்ற மாநிலங்களுக்கு மத்திய அரசு 60 பங்கும் மாநில அரசு 40 பங்கும் என்று மாறியது. இதில் எம்.பி.யின் வார்த்தைக்கு மதிப்பு உண்டு. மாவட்டத்தில் சாலைகளைத் தேர்வு செய்யும்போது எம்.பி.க்களின் யோசனைகளைக் கேட்டு முழுமையாகப் பரிசீலிக்க வேண்டும். ஏற்காவிட்டால் காரணத்தைத் தெரிவிக்க வேண்டும் என்பது திட்டத்தின் விதி. ஆனால் விதிக்கு உட்படாத ஊரை எம்.பி. சொன்னாலும் சேர்க்க முடியாது.

அந்த விதி என்ன? நான்காம் கட்டத்தில், 2011 மக்கள் கணக்கின்படி சமவெளியில் 500 பேருக்கு மேல் உள்ள, இதுவரை நல்ல சாலை இணைப்பு இல்லாத குடியிருப்புகள் எடுத்துக் கொள்ளப்படும். வளர்ச்சியில் முன்னேற வேண்டியவை என்று குறிக்கப்பட்ட மாவட்டங்களில் 250 பேர் போதும். தமிழ்நாட்டில் ராமநாதபுரமும் விருதுநகரும் அந்த வரிசையில் 2018-ல் சேர்க்கப்பட்டவை. அங்குள்ள சிற்றூர்க்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இங்கே 'குடியிருப்பு' என்பது வருவாய்க் கிராமம் அன்று. ஒன்றாகச் சேர்ந்துள்ள வீடுகளின் தொகுதி. சமவெளியில் 500 மீட்டருக்குள் எல்லாப் பருவத்துக்கும் ஏற்ற சாலை இருந்தால் அது இணைக்கப்பட்ட குடியிருப்பாகவே கருதப்படும்.

நம் மனுக்களில் பாதி தட்டிப் போவது இங்கேதான். வீட்டுக்குச் சாலை இருக்கிறது, வயலுக்கு இல்லை. கிணற்றடியிலிருந்து தார்ச்சாலைக்கு இரண்டு கிலோமீட்டர் சேற்றுப் பாதை. திட்டமோ தலைகளை எண்ணுகிறது, மூட்டைகளை எண்ணுவதில்லை. இது குறைதான் என்பது என் கருத்து. 2019-ல் வந்த மூன்றாம் கட்டம் இதைச் சற்றுச் சரிசெய்தது. 1,25,000 கிலோமீட்டர் பழைய சாலைகளை அகலப்படுத்தி வலுப்படுத்த வந்த அந்தக் கட்டத்தில், கிராமச் சந்தை, மேல்நிலைப் பள்ளி, ஆஸ்பத்திரி இவற்றை இணைக்கும் வழித்தடங்களுக்கு முன்னுரிமை தரப்பட்டது. ஆகவே வயல் வழியாகச் செல்லும் பாதையானாலும், அது அடுத்த குடியிருப்பை ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துடனோ சந்தையுடனோ இணைக்கிறதா என்று பாருங்கள். இணைத்தால் அதை 'வயல் பாதை' என்று எழுதாமல் 'சந்தை இணைப்புச் சாலை' என்று எழுதுங்கள். உண்மையும் அதுதானே.

மனுவில் எண்கள் வேண்டும்

"விவசாயிகள் மிகவும் சிரமப்படுகிறார்கள்" என்ற வரியை டில்லிவரை யாரும் எதிர்த்துப் பேசப் போவதில்லை. யாரும் படிக்கப் போவதும் இல்லை. 200 ஏக்கரில் கரும்பு இருப்பதாக வைத்துக் கொள்வோம். ஏக்கருக்கு 40 டன் என்றால் 8,000 டன். டிராக்டருக்கு 10 டன் வீதம் 800 நடை. காலியாகத் திரும்புவதையும் சேர்த்தால் ஒரே பருவத்தில் 1,600 தடவை அந்தப் பாதையில் வண்டி ஓடுகிறது. இதை எழுதினால் எம்.பி. அலுவலகத்தில் உள்ளவர் நிமிர்ந்து உட்காருவார். இந்தக் கணக்குக்கு வேண்டிய ஆதாரங்கள் ஊரிலேயே உள்ளன. பயிர்ப் பரப்புக்கு கிராம நிர்வாக அலுவலரின் அடங்கல், கரும்புக்கு ஆலையின் வெட்டு உத்தரவு, பாலுக்குக் கூட்டுறவுச் சங்கப் பதிவேடு. மழையால் பாதை எத்தனை நாள் அடைபட்டது என்பதை ஒரு நோட்டில் தேதி வாரியாக எழுதி வையுங்கள். பள்ளிக்குப் போகும் பிள்ளைகளின் எண்ணிக்கையையும் விட வேண்டாம்.

எண் இல்லாமல் செல்வாக்கை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு வெளிநாட்டுச் செய்தி ஒன்று உண்டு. அமெரிக்காவில் 2005-ல் நிறைவேறிய நெடுஞ்சாலைச் சட்டத்தில், அலாஸ்கா மாநிலத்தின் கெட்சிகன் நகரையும் எதிரே உள்ள கிரவினா தீவையும் இணைக்கும் பாலத்துக்கு 22 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கினார்கள். தீவில் விமான நிலையம் இருந்தது. ஆனால் குடியிருந்தவர்கள் சுமார் ஐம்பது பேரே. படகுப் போக்குவரத்தும் நடந்து கொண்டிருந்தது. நாடெங்கும் கண்டனம் எழுந்து, 2007-ல் அந்த மாநிலமே பாலத்தைக் கைவிட்டது. இப்படிப்பட்ட ஒதுக்கீடுகளை அந்நாட்டுப் பாராளுமன்றம் 2011-ல் அடியோடு நிறுத்தியது. பத்தாண்டு கழித்து 2021-ல் மறுபடி தொடங்கியபோது, பிரதிநிதிகள் சபை உறுப்பினர் தம் கோரிக்கைகளைப் பகிரங்கமாக வெளியிட வேண்டும், அவற்றால் தமக்கோ தம் குடும்பத்துக்கோ பண லாபம் இல்லை என்று எழுதித் தர வேண்டும், உள்ளூர் மக்களின் ஆதரவுக்குச் சான்று காட்ட வேண்டும் என்று நிபந்தனை வைத்தார்கள். அந்தச் சான்று நம்மிடம் கேட்கப்படாமலே இருக்கிறது. கிராம சபைத் தீர்மானம்தான் அது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கூடும் கிராம சபையில் சாலையின் பெயர், நீளம், சர்வே எண்களுடன் தீர்மானம் நிறைவேற்றி நகலை மனுவுடன் இணையுங்கள். ஒரு நகல் கலெக்டருக்கும், மற்றொன்று மாவட்ட ஊரக வளர்ச்சி முகமைக்கும் போகட்டும். மத்திய அரசுத் திட்டங்களைக் கண்காணிக்கும் மாவட்டக் குழு 'திஷா' என்ற பெயரில் 2016 முதல் இருக்கிறது. எம்.பி. அதன் தலைவர், கலெக்டர் உறுப்பினர் செயலர். அந்தக் கூட்டத்தின் தேதியைத் தெரிந்து கொண்டு அதற்கு இரண்டு வாரம் முன்பே மனுக் கொடுப்பது, வரவேற்பு மேடையில் கொடுப்பதைவிட நூறு மடங்கு மேல்.

நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கிராமச் சாலைத் திட்டத்தில் நிலம் வாங்கப் பணம் கிடையாது. நிலத்தைத் தருவது மாநிலத்தின் பொறுப்பு. எனவே மனு எழுதும் முன் புல வரைபடத்தையும் 'அ' பதிவேட்டையும் பார்த்து, பழைய வண்டிப்பாதைப் புறம்போக்கு எவ்வளவு அகலம் இருக்கிறது, யார் வரப்பை நகர்த்தியிருக்கிறார்கள் என்று அறிய வேண்டும். தார் விரிப்பு வழக்கமாக 3.75 மீட்டர், போக்குவரத்துக் குறைந்த சாலைக்கு 3 மீட்டர். இரு பக்கமும் மண் ஓரமும் வாய்க்காலும் வேறு வேண்டும். பணம் அனுமதியான பின் பங்காளிகள் கோர்ட்டுக்குப் போனால் அந்தப் பணம் வேறு ஊருக்குப் போய்விடும். அளந்து, பேசி, எழுத்தில் சம்மதம் வாங்கிய பிறகு எம்.பி.யைப் பாருங்கள்.

ரயில்வே கேட் விஷயம் வேறு. அது முழுக்க மத்திய அரசின் துறை, எம்.பி. நேரடியாகக் கேட்க வேண்டிய இடம். 24 மணி நேரத்தில் போகும் ரயில்களின் எண்ணிக்கையையும் சாலை வண்டிகளின் எண்ணிக்கையையும் பெருக்கி வரும் தொகை ஒரு லட்சத்தைத் தொட்டால் மேம்பாலச் செலவை ரயில்வேயும் மாநிலமும் பாதிப் பாதி ஏற்பது நெடுநாளைய முறை. மாட்டு வண்டியும் இந்தக் கணக்கில் மோட்டார் வண்டிக்குச் சமமாக ஓர் அலகு. கணக்கெடுப்பு கோடையில், வயல் காய்ந்து கிடக்கும்போது நடந்தால் எண்ணிக்கை குறைவாகவே வரும். அறுவடைக் காலத்தில் எடுக்கும்படி எம்.பி. மூலம் கேளுங்கள். மேம்பாலத்துக்குப் பதில் சுரங்கப்பாதை என்றால் வரைபடம் முடிவாகும் முன்பே பேச வேண்டும். வைக்கோல் ஏற்றிய லாரியின் உயரத்தையும் நெல் அறுவடை இயந்திரத்தின் உயரத்தையும் டேப்பால் அளந்து மனுவில் எழுதுங்கள். மழைநீர் எங்கே வடியும் என்றும் கேளுங்கள். கட்டி முடித்தபின் குளமாக நிற்கும் சுரங்கப்பாதைகள் ஏற்கெனவே நிறைய இருக்கின்றன.

சாலை வந்த பிறகும் வேலை உண்டு. கிராமச் சாலைத் திட்டத்தில் போட்ட சாலையை ஐந்தாண்டு பராமரிப்பது அதே ஒப்பந்தக்காரரின் கடமை. வேலை முடிந்த தேதி பலகையில் எழுதியிருக்கும். குறித்து வைத்துக் கொள்ளுங்கள். குழி விழுந்தால் 'மேரி சடக்' என்ற செல்போன் செயலியில் போட்டோவுடன் புகார் செய்யலாம். நம் பங்குக்கு நாமும் அளவறிந்து பாரம் ஏற்ற வேண்டும். அச்சின் மேல் பாரம் இரட்டித்தால் சாலைக்கு ஏற்படும் சேதம் இரண்டு மடங்கல்ல, ஏறத்தாழ 16 மடங்கு. சேற்றுழவு முடித்த டிராக்டரை இரும்புக் கேஜ் வீலோடு தார்ச்சாலையில் ஓட்டுவது அதைவிட மோசம். வயலிலேயே அதைக் கழற்றி டிரெய்லரில் போட்டுக் கொண்டு வரலாம்.