கட்டத்துக்குள் சிக்கிய காசு! சுப்ரீம் கோர்ட்டு வரை போன குறுக்கெழுத்துப் போட்டி

சித்தையன்கோட்டை:

"வயலுக்குத் தண்ணி பாயுற வழி. ரெண்டு எழுத்து. என்னது?"

பட்டணத்துப் பையனைக் கேட்டால் தலையைச் சொறிவான். செம்பட்டியை அடுத்த சித்தையன்கோட்டையில் மண்வெட்டி பிடித்த எந்த விவசாயியையும் கேட்டுப் பாருங்கள். "மடை! இதுக்கு எதுக்குய்யா கட்டம்?" என்று பட்டென்று பதில் வரும்.

டீக்கடை பெஞ்சில் மாலைப் பேப்பரை மடித்து வைத்துக்கொண்டு, காதில் செருகிய பென்சிலை எடுத்துக் கட்டம் நிரப்பும் ஆசாமிகளை எல்லோரும் பார்த்திருப்போம். "வேலை இல்லாதவன் வேலை" என்று கேலி செய்பவர்களும் உண்டு.

ஆனால் இந்தக் கட்டத்துக்குப் பின்னால் சுப்ரீம் கோர்ட்டு வழக்கு உண்டு. உளவு போலீஸ் விசாரணை உண்டு. ஏமாந்தவர்களின் கண்ணீரும் உண்டு. அந்தக் கதையை இங்கே பார்ப்போம்.

அமெரிக்காவில் பிறந்தது

குறுக்கெழுத்துக்குப் பிறந்த தேதியே இருக்கிறது. 1913-ம் ஆண்டு டிசம்பர் 21-ந் தேதி. அமெரிக்காவில் "நியூயார்க் வேர்ல்டு" பத்திரிகையில் ஆர்தர் வின் என்பவர் போட்டார். அப்போது அது சதுரமாக இல்லை, வைரக்கல் வடிவத்தில் இருந்தது.

1924-ல் முதல் குறுக்கெழுத்துப் புத்தகம் வெளிவந்தது. புத்தகத்தோடு ஒரு பென்சிலும் கொடுத்தார்கள். அமெரிக்காவே பைத்தியமாக அலைந்தது. "இது என்ன வீண் வேலை" என்று அதே ஆண்டு கண்டித்து எழுதிய "நியூயார்க் டைம்ஸ்" பத்திரிகை, 1942-ல் தானே குறுக்கெழுத்துப் போட ஆரம்பித்தது! 2022-ல் "வேர்டில்" என்ற செல்போன் வார்த்தை விளையாட்டையும் அதே பத்திரிகைதான் விலைக்கு வாங்கியது.

தமிழ்நாட்டில் இந்தப் பித்தைக் கிளப்பியவர் எஸ்.எஸ்.வாசன். 1928-ல் "ஆனந்த விகடன்" பத்திரிகையை வாங்கிய அவர், 1930-களில் பரிசுக் குறுக்கெழுத்துப் போட்டி நடத்தினார். பத்திரிகை விற்பனை ஏறியது. எதிர்ப்பும் கூடவே கிளம்பியது.

தந்திரம் எங்கே?

எதிர்ப்பு எதற்கு? வார்த்தை கண்டுபிடிப்பது தப்பா? தப்பு வார்த்தையில் இல்லை. போட்டி நடத்திய விதத்தில் இருந்தது.

ஒரு குறிப்பு இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: "இது இருந்தால் மனிதனுக்கு மதிப்பு." கட்டத்தில் முதல் எழுத்து காலி. அடுத்து "ணம்". நீங்கள் என்ன போடுவீர்கள்? "பணம்" போடலாம். "குணம்" போடலாம். இரண்டுமே சரிதான்! ஆனால் நடத்துகிறவர் கவரில் சீல் வைத்து வைத்திருக்கும் விடை எதுவோ, அதுதான் விடை.

இப்படிப் பத்துக் குறிப்பு இருந்தால் போதும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு விடை என்றால், மொத்தம் 1,024 விதமாக நிரப்பலாம். ஒரு கூப்பனுக்கு ஒரு ரூபாய் என்று கணக்குப் போட்டாலும், எல்லாவற்றையும் அனுப்ப 1,024 ரூபாய் வேண்டும். நம்ம ஆள் நாலு கூப்பன் அனுப்புவான். தவறும். அடுத்த மாதம் எட்டு அனுப்புவான். அகராதி படித்தவனும் தோற்பான், படிக்காதவனும் தோற்பான். சூதாட்டத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

கோர்ட்டில் நடந்தது

இந்தக் கேள்விதான் கோர்ட்டு ஏறியது.

பம்பாய்ப் பக்கம் ஆர்.எம்.டி. சமர்பாக்வாலா என்பவர் பெரிய அளவில் பரிசுக் குறுக்கெழுத்து நடத்தி வந்தார். பம்பாய் அரசு 1948-ல் ஒரு சட்டம் போட்டது. "ஸ்போர்ட்டிங் ஸ்டார்" என்ற அவருடைய பத்திரிகை பெங்களூரில் அச்சாகி பம்பாய்க்கு வந்தது. "வெளி மாநிலத்தில் அச்சடித்தாலும் விடமாட்டோம்" என்று 1952-ல் சட்டத்தைத் திருத்தினார்கள்.

அவர் கோர்ட்டுக்குப் போனார். பம்பாய் ஐகோர்ட்டில் அவருக்கு ஜெயம். அரசு அப்பீல் செய்தது.

இதற்கிடையே மத்திய அரசும் 1955-ல் பரிசுப் போட்டிச் சட்டம் கொண்டுவந்தது. மாதத்துக்கு 1,000 ரூபாய்க்கு மேல் பரிசு கொடுக்கக் கூடாது. அதற்குக் குறைவாகக் கொடுக்கவும் லைசென்சு வேண்டும். அதையும் எதிர்த்து வழக்கு.

1957-ம் ஆண்டு ஏப்ரல் 9-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு இரண்டு வழக்கிலும் தீர்ப்புச் சொன்னது. "சூதாட்டம் வியாபாரம் ஆகாது. சூதாட்டம் நடத்துவது அடிப்படை உரிமையும் ஆகாது" என்பது சாரம். சமர்பாக்வாலா தோற்றார்.

மத்திய அரசு வழக்கில் தீர்ப்பு எழுதிய நீதிபதி ஒரு தமிழர். பெயர் டி.எல்.வெங்கடராம அய்யர். 1944-ல் சங்கீத கலாநிதி பட்டம் வாங்கிய சங்கீத வித்துவானும் அவரே!

அந்தத் தீர்ப்பில் ஒரு நல்ல விஷயம் இருந்தது. அதிர்ஷ்டத்தை நம்பும் போட்டிக்குத்தான் இந்தக் கட்டுப்பாடு. மூளையையும் திறமையையும் நம்பி நடக்கும் போட்டியை இந்தச் சட்டம் தொடாது என்று பிரித்துச் சொல்லிவிட்டார்கள்.

பார்சலில் வந்த அல்வா

சட்டம் வந்தால் மோசடிப் பேர்வழிகள் அடங்குவார்களா? வேறு வழியில் வந்தார்கள்.

"எழுத்துகளைச் சரியாக மாற்றிப் போடுங்கள், ரேடியோ பரிசு!" என்று பத்திரிகையில் விளம்பரம் வரும். பச்சைக் குழந்தைக்கும் தெரிந்த விடை. கார்டு போட்டால் ஒரே வாரத்தில் பதில்: "வாழ்த்துக்கள்! தபால் செலவுக்கு மட்டும் பணம் கட்டி வி.பி.பி. பார்சலை எடுத்துக்கொள்ளவும்." கடன் வாங்கிப் பணம் கட்டிப் பார்சலைப் பிரித்தால் உள்ளே உருப்படாத சாமான். வீட்டில் சொல்லவும் முடியாமல், போலீசுக்குப் போகவும் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டவர்கள் ஏராளம்.

இப்போது பார்சல் போய் செல்போன் வந்திருக்கிறது. "வார்த்தையைக் கண்டுபிடிச்சிட்டீங்க, பரிசு விழுந்திருக்கு, வரி மட்டும் கட்டுங்க, ஓ.டி.பி. சொல்லுங்க" என்று தேனாகப் பேசுவார்கள். நம்பர் சொன்ன மறுநிமிடம் பேங்க் கணக்கு காலி.

இதில் சிக்கினால் வெட்கப்பட வேண்டாம். உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அந்த அளவுக்குப் பணத்தை முடக்கி வைக்க வாய்ப்பு இருக்கிறது.

2025-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பார்லிமெண்டு ஒரு சட்டம் நிறைவேற்றியது. ஆன்லைனில் பணம் கட்டி ஆடும் ஆட்டம் எதுவானாலும், திறமையா அதிர்ஷ்டமா என்று பார்க்காமல் தடை. ஆகவே பணம் கட்டு என்று கேட்கும் ஆட்டத்தைக் கண்டாலே ஒதுங்கி விடுங்கள். உண்மையான வார்த்தை விளையாட்டுக்குப் பென்சில் ஒன்றுதான் முதலீடு.

வாத்தியாரை மடக்கிய உளவு போலீஸ்

இங்கிலாந்தில் நடந்த கதை இன்னும் விசித்திரம்.

1944-ம் ஆண்டு. இரண்டாவது உலகப் போர். பிரான்சு நாட்டின் நார்மண்டிக் கரையில் படை இறக்க ரகசியத் திட்டம் தயார். அந்தச் சமயத்தில் "டெய்லி டெலிகிராப்" குறுக்கெழுத்தில் யூட்டா, ஒமாகா, ஓவர்லார்டு, மல்பெரி, நெப்டியூன் என்று வரிசையாக விடைகள் வந்தன. எல்லாம் அந்தப் படையெடுப்பின் ரகசியப் பெயர்கள்!

உளவுத் துறையினர் திடுக்கிட்டனர். குறுக்கெழுத்து தயாரித்த லெனார்டு டேவிடம் துருவித் துருவி விசாரித்தனர். அவர் ஒரு பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியர். ஒற்றன் இல்லை என்று தெரிந்து விட்டுவிட்டார்கள். ஜூன் 6-ந் தேதி திட்டப்படி படை இறங்கியது.

நாற்பது வருஷம் கழித்து, 1984-ல் அவருடைய பழைய மாணவர் ஒருவர் வாயைத் திறந்தார். கட்டம் நிரப்ப மாணவர்களைத்தான் வாத்தியார் கூப்பிடுவாராம். பக்கத்து ராணுவ முகாமில் சிப்பாய்கள் பேசியதைக் காதில் வாங்கி, அந்த வார்த்தைகளைப் போட்டாராம் அந்தப் பையன்!

ஓர் எழுத்துக்கு ஒரு அர்த்தம்

சரி, நம் தமிழுக்கு வருவோம். நம் கட்டத்தில் ஒரு கட்டத்துக்கு ஒரு எழுத்து. மொத்தம் 247 எழுத்து. இங்கிலீசுக்காரனுக்கு 26 தான்.

ஓர் எழுத்தே ஒரு சொல்லாக நிற்கும் அதிசயமும் நம்மிடம் உண்டு. நன்னூல் இப்படி 42 சொற்களைக் கணக்குக் காட்டுகிறது. ஆ என்றால் பசு. கோ என்றால் அரசன். கா என்றால் சோலை. சே என்றால் எருது. வை என்றால் வைக்கோல். சித்தையன்கோட்டைக் களத்தில் குவிந்து கிடப்பது அந்த "வை"தான்!

அரிய சொல்லுக்கு அர்த்தம் தேடுவது நமக்குப் புதிதும் இல்லை. திவாகரம், பிங்கலம், சூடாமணி என்று நிகண்டுகளைத் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தவர்கள் நம் முன்னோர். இத்தாலியில் இருந்து வந்த வீரமாமுனிவர் 1732-ல் சதுரகராதி செய்தார். சென்னைப் பல்கலைக்கழகம் 1924-ல் தொடங்கி 1936 வரை ஆறு தொகுதிகளாகத் தமிழ்ப் பேரகராதி வெளியிட்டது. ஒரு லட்சத்துக்கு மேல் சொற்கள். 1926-ல் இருந்து அதன் பதிப்பாசிரியர் வையாபுரிப்பிள்ளை. இன்று அந்த அகராதியைச் செல்போனிலேயே காசில்லாமல் பார்க்கலாம்.

வயலில் கிடக்கும் வார்த்தைகள்

இங்கேதான் ஒரு வேடிக்கை. பட்டணத்துக்காரர்களுக்கு "அரிய சொல்" என்று தோன்றுவது, நெல் விளையும் ஊரில் அன்றாடப் பேச்சு.

மதகு, கலிங்கு, வரப்பு, நாற்றங்கால், பதர், கருக்காய். கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வெளியேறும் இடம் கலிங்கு. அரிசி பிடிக்காத நெல் கருக்காய். தாலுகா ஆபீசுக்கு அலைந்தவருக்குச் சிட்டா, அடங்கல், கிஸ்தி, பசலி எல்லாம் அத்துப்படி. ஜூலை 1-ந் தேதி பிறந்து ஜூன் 30-ந் தேதி முடியும் வருவாய்த்துறை வருஷம்தான் பசலி.

ஆனால் இந்தச் சொற்களும் கழன்று கொண்டிருக்கின்றன. "போரடிப்பது என்றால் என்ன?" என்று இன்றைய பிள்ளைகளைக் கேளுங்கள். "சலிப்பா இருக்கிறது" என்பார்கள். கதிர்ப் போரில் மாடு கட்டி மிதிக்கவிட்டு நெல்லைப் பிரிப்பதுதான் போரடிப்பது. அறுவடை மெஷின் வந்தது, மாடு போனது, மாட்டோடு வார்த்தையும் போய்க்கொண்டிருக்கிறது.

எப்படி ஜெயிப்பது?

கட்டம் நிரப்ப உட்காருகிறவர்களுக்கு நாலு யோசனை:

முதலில் நிச்சயம் தெரிந்ததை மட்டும் போடுங்கள். அதில் இருந்து கிடைக்கும் எழுத்து அடுத்ததற்கு வழி காட்டும்.

கடைசிக் கட்டம் முக்கியம். தமிழ்ச் சொல்லின் கடைசியில் க், ச், ட், த், ப், ற் என்ற வல்லின மெய் வராது. இதைத் தெரிந்து வைத்துக்கொண்டாலே பாதித் தப்புக் குறையும்.

தெரியாத சொல் வந்தால் விடைக்கு மறுநாள் பேப்பர் வரும் வரை சும்மா இருக்காதீர்கள். அகராதியைப் புரட்டி, அர்த்தத்தை ஒரு நோட்டில் எழுதுங்கள். தினம் ஒரு சொல் என்றால் வருஷத்துக்கு 365.

அகராதி கைவிட்டால் வீட்டுத் தாத்தா பாட்டியைக் கேளுங்கள். அச்சேறாத அர்த்தம் அவர்களிடம் இருக்கும். அவர்களிடம் கேட்டதையும் அதே நோட்டில் எழுதி வைக்க மறக்காதீர்கள்.